பத்தாம் தேதி பிறந்தவள்

புக்கிட் செராயாவில் கடைகள் ஒரே வரிசை,
எங்கள் மினி மார்க்கெட் நான்காவது.
எதிரே செம்பனை ஆலை.
காற்று திரும்பினால் பிஸ்கட் டின்னுக்குள்ளும்
வேகும் பழத்தின் புளித்த வாடை.
அவ்வளவு எண்ணெய் அங்கே ஓட,
இங்கே ஒரு பாக்கெட் எண்ணெய்க்கு
அட்டையைச் செருக வேண்டும்.

மானியம் சரியான ஆளுக்குச் சேர
அரசாங்கம் அனுப்பிய பெட்டி.
நீல ஐசி என்றால் பச்சை விளக்கு.
சிவப்பு ஐசி என்றால்
தொண்டையில் மீன்முள் சிக்கினாற்போல் ஒரு சத்தம்.
முதல் வாரம் அந்தச் சத்தத்துக்கு
வரிசையே திரும்பிப் பார்த்தது.
இப்போது யாரும் திரும்புவதில்லை.
தனபாக்கியம் மட்டும்
மாதாமாதம் செருகிப் பார்க்கிறாள்.
‘மெஷினுக்கும் மனசு மாறும்ல, மேகலா?’
முழு விலைக்கு பில் போடுகிறேன்.

உதிரிப்பழம் பொறுக்குகிறவள்.
பிறந்தது இதே மேட்டுக்குப் பின்னால்,
கித்தாக் காடாக இருந்தபோது.
பதிய யாரும் டவுனுக்குப் போகவில்லை,
அன்று மழையாம், பாலம் முழுகிவிட்டதாம்.
நாற்பத்தொரு வருஷமாக
அந்த மழை அவளுக்கு விடவில்லை.
பதிவிலாகாவில் சாட்சி கேட்கிறார்கள்.
பிரசவம் பார்த்தவள் போய்ச் சேர்ந்தாள்.
கிராணியின் பேரேடு கரையானுக்கு.
எட்டு வருஷத்தில் வந்தது ஒரே கடிதம்:
பரிசீலனையில் உள்ளது.

போன வருஷம் கம்பெனி புள்ளித் திட்டம் கொண்டுவந்தது.
கைப்பேசியில் சேர்ந்தால் வெள்ளிக்கு ஒரு புள்ளி.
மாதம் நாற்பது பேரை நான் பிடிக்க வேண்டும்.
முப்பத்தொன்பதில் நின்றபோது அவள் வந்தாள்.
பெயர். போன் நம்பர். பிறந்த தேதி.
‘எந்தத் தேதி போடலாம்?’
கேட்டது அவள்.
விரலை மடக்கி யோசித்தாள்.
‘பத்து போடு. சம்பளம் ஏழாந்தேதி.
கையில காசு இருக்கறப்போ பொறந்துக்கறேன்.
மாசம் நீயே போடு.’
ஆகஸ்ட் போட்டேன், என் மகன் பிறந்த மாதம்.
மறுகேள்வி இல்லை.
ஒரு வட்டம் சுற்றியது, சுற்றியது,
பிறகு வருக தனபாக்கியம் என்றது, மலாயில்.

அதன்பின் கம்பெனி அவளை விடவே இல்லை.
பெருநாளுக்கு வாழ்த்து, தீபாவளிக்கு வாழ்த்து,
‘உங்களைப் பார்த்து நாளாயிற்று’ என்று
ஒரு டயாப்பர் விளம்பரம்.

ஆகஸ்ட் பத்து.
ஷட்டர் தூக்குமுன்னே நிற்கிறாள்,
பூட்ஸில் சேறு, நெற்றியில் புதுக் குங்குமம்.
கைப்பேசியை நீட்டினாள்.
பலூன்கள். செலாமாட் ஹாரி ஜாடி, தனபாக்கியம்!
இன்று மட்டும் ஷாம்பூவுக்கு இருபது விழுக்காடு கழிவு,
ஐம்பது வெள்ளிக்கு மேல் வாங்கினால்.

ஷாம்பூ வேண்டாமாம்.
‘இதை பிரிண்ட் எடுத்துக் குடு.
அடுத்த மாசம் இன்டர்வியூ.
இவ்ளோ பெரிய கம்பெனி சொல்லுதுல்ல,
நான் பொறந்தேன்னு.’

என்னிடம் இருந்தது பில் மெஷின்தான்.
அதிலேயே அடித்தேன்,
அவள் பெயர், அவள் தேதி,
அடியில் எடுக்க முடியாத அந்த வரி:
விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது.

மறுநாள் வந்தாள்.
நனையக் கூடாதென்று
ஆ சோங் கடையில் லேமினேட் பண்ணினாளாம்.
சூடு பட்டால் கறுக்கும் தாள்.
சொல்ல மறந்தவள் நான்.
பளபளவென்று ஒரு கறுப்புத் துண்டு,
சாய்த்துப் பிடித்தும் ஓர் எழுத்தில்லை.

வேறொன்று அடிக்கட்டுமா என்றேன்.
தலையாட்டி மறுத்து
பர்ஸில், சிவப்பு அட்டைக்குப் பின்னால் வைத்தாள்.
‘உள்ள என்ன இருந்துச்சுன்னு
நீ பாத்தல்ல?’
பார்த்தேன்.
‘அப்போ நீதான் சாட்சி.
இருபத்திரெண்டாந்தேதி லீவு போடு.’